இரவெல்லாம் பட்டினி, காலையில் ஏன் சர்க்கரை?

பகாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களை நம்பிக் கடை நடத்தும் நம்மவர் பலருக்கு இந்த ஐயம் உண்டு. படுக்கும்போது சர்க்கரை 7; இரவில் ஒரு பருக்கையும் உள்ளே போகவில்லை; சுபுஹுக்கு எழுந்து சோதித்தால் 10! (ஊர்க் கணக்கு வேண்டுவோர் 18ஆல் பெருக்கிக் கொள்க, 10 என்பது அங்கே 180.) கருவி பழுதென்று வேறு கருவி வாங்கியோரும் உண்டு. பழுது கருவியில் இல்லை.

நமது கல்லீரல் ஒரு சரக்கு அறை. உண்ட மாவுப்பொருளில் ஒரு பகுதியை கிளைக்கோஜனாகச் சேமித்து, உண்ணாத வேளையில் சிறுகச் சிறுக இரத்தத்துக்கு அனுப்புகிறது. இரவில் சுரந்த வளர்ச்சி ஹார்மோனும், விடியலில் ஓங்கும் கார்ட்டிசாலும் தூண்டுவதால், சுமார் 3 மணி முதல் 8 மணிக்குள் அந்தச் சரக்கு அதிகமாக வெளியேறுகிறது. நோயற்றவரின் கணையம் உடனே இன்சுலின் சுரந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும். நீரிழிவுக்காரருக்கு அது இயலாது. 1980களின் தொடக்கத்தில் இதற்கு ‘விடியல் நிகழ்வு’ என்று பெயரிட்டனர்.

மற்றொரு காரணம் நம் தொழிலோடு ஒட்டியது. கடையடைத்துப் பத்தரை மணிக்கு ரொட்டி சானாயும், கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் முடித்து உடனே படுத்தால், அந்தச் சர்க்கரை விடியும்வரை இறங்காமல் நிற்கும். இரவு மருந்தின் வேகம் விடியுமுன் தீர்ந்துவிடுவதும் உண்டு.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த மைக்கேல் சோமோகி, 1938இல் வேறொன்று கூறினார். இன்சுலின் மிகுந்து நள்ளிரவில் சர்க்கரை வீழ்ந்தால், உடல் பதறி அதை மேலே தள்ளுகிறதாம். நெடுங்காலம் காலை உயர்வுக்கெல்லாம் இதையே காரணமாக்கினர். இரவு முழுதும் அளக்கும் கருவிகள் வந்தபின், இது அபூர்வமென்று தெரிந்தது. ஆனால் இரவு வீழ்ச்சி பொய்யன்று. நனையும் வியர்வை, கெட்ட கனவு, எழும்போது தலைவலி ஆகியவை அதன் அடையாளங்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. காலை எண்ணை மட்டும் பார்த்து, இரவு இன்சுலினைத் தாமே கூட்டுவோர் இருக்கின்றனர். மூன்று மணிக்கு 4க்குக் கீழே இறங்குபவர் அவ்வாறு செய்தால், தூக்கத்திலேயே நினைவு தப்பக்கூடும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது.

ஆகவே சில நாட்கள் படுக்குமுன், 3 மணிக்கு, எழுந்தவுடன் என மூன்று முறை சோதியுங்கள். தஹஜ்ஜுதுக்கு எழுவோருக்கு இது பெரிய காரியமன்று. மூன்றும் உயர்ந்திருந்தால் இரவு உணவையோ மருந்துப் பற்றாக்குறையையோ ஐயுறலாம். முதலிரண்டும் சரியாக இருந்து, காலை மட்டும் உயர்ந்தால் விடியல் நிகழ்வோ, தீர்ந்துபோன மருந்தோ காரணமாகலாம். நடுவில் 4க்குக் கீழே தாழ்ந்தால் உடனே இனிப்பான பானம் அருந்திவிட்டு, தாமதியாமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். எண்களைக் கடன் நோட்டின் பின்பக்கத்திலாவது குறித்து, கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதும், குறைப்பதும், நேரத்தை மாற்றுவதும் அங்கே நடக்கட்டும்.