விளையாட்டுப் பதிவேடும் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

முன்னுரை

விளையாட்டு என்றதும் மைதானமும் பந்தும் நம் நினைவுக்கு வருகின்றன, பதிவேடு வருவதில்லை. ஆயினும் ஆடியதற்குச் சான்று அந்தப் பதிவேடே. தமிழ்நாட்டில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. எனவே, பதிவேட்டில் ஒரு வரி தொலைந்தால் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் வழியே அடைபடக்கூடும்.

இதை என் வீட்டிலேயே கண்டேன். என் தங்கை ஒரு விளையாட்டுக் குழுவில் இரண்டாண்டுகள் ஓட்டப் பயிற்சி பெற்றாள். சான்று கேட்டு நானும் அப்பாவும் சென்றபோது, "கம்ப்யூட்டர் போயிடுச்சு தம்பி, எல்லாம் அதுலதான் இருந்துச்சு" என்றார்கள். பருத்திக் கணக்கை நோட்டில் எழுதி டிரங்குப் பெட்டியில் வைப்பவர் என் அப்பா. "இன்னொரு நோட்டுல எழுதி வச்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். கல்லூரிப் படி ஏறாத அவர் கேட்ட அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைக்கும் முறை

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992ஆம் ஆண்டு தோன்றியது. அது நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கு இணையவழியே பெயர் பதிகிறோம். ஊர்க் குழுக்களும் கல்லூரிகளும் இவ்வாறு ஒரு மென்பொருள் அமைக்க விரும்பினால், முதலில் தரவுத்தளத்தில் மூன்று அட்டவணைகள் வேண்டும்: உறுப்பினர், மைதானம், முன்பதிவு. மைதானம், நாள், நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று விதித்துவிட்டால், ஒரே மாலையில் இரண்டு அணிகள் ஒரே ஆடுகளத்துக்கு வந்து சண்டையிட நேராது.

உறுப்பினர் எண்ணில் மாவட்டப் பெயரைச் சேர்ப்பது தவறு. நம் பகுதியின் வரலாறே இதற்குச் சான்று. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைந்து, 2007இல் மறுபடியும் தனியாயிற்று. மாவட்டம் மாறும்போதெல்லாம் வீரரின் எண்ணும் மாறினால் பழைய பதிவுகள் அநாதையாகிவிடும். ஆகவே, எண் என்றும் மாறாததாக இருக்க, மாவட்டம் தனிப் புலமாக இருத்தல் வேண்டும்.

பாதுகாக்கும் முறை

முதலாவது, யாருக்கு எது தெரியலாம் என்ற வரம்பு. பயிற்சியாளர் தம் அணியினரின் விவரங்களை மட்டும் காணட்டும். அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் வைத்து அதைச் சுவரில் ஒட்டுவது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். மேலும், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. நம் பயிற்சிக் களங்களுக்கு வருவோரில் பலர் பள்ளிப் பிள்ளைகள் என்பதை மறவாதிருப்போம்.

இரண்டாவது, நகல். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது கணினித் துறையின் பொது விதி. அரியலூரில் உள்ள பதிவுக்கு ஒரு பிரதி பெரம்பலூரில் இருக்கட்டும். ஒரு பிரதியேனும் இணையத்தோடு தொடர்பற்று இருத்தல் நலம். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் தாக்கப்பட்டபோது, அங்குப் பல பணிகள் மீண்டும் கையெழுத்துக்கே திரும்பின. பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால் சிறு குழுக்கள் எம்மாத்திரம்?

மூன்றாவது, மீட்டுப் பார்த்தல். என் வகுப்புக் கபடி அணிக்காக ஒரு சிறு மென்பொருள் எழுதினேன். நாள்தோறும் நகல் எடுப்பதாகப் பெருமையும் கொண்டிருந்தேன். ஒரு நாள் சோதனைக்காகத் திறந்தபோது கோப்பு வெறுமையாக இருந்தது! நான் எழுதிய நிரலில் கோப்புறையின் பெயர் பிழை. அன்று அந்தக் குழுவினர் மீதிருந்த என் கோபம் பாதி தணிந்தது. திறந்து பார்க்காத நகல் நகலே அன்று என்பதை அன்றுதான் கற்றேன்.

முடிவுரை

என் தங்கையின் இரண்டாண்டு ஓட்டம் இனி எந்த ஏட்டிலும் ஏறாது. ஆனால் நம் தோழர்களின் ஆட்டம் ஏடேறி நிலைக்கச் செய்யலாம். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம் ஒதுக்கி நகலை மீட்டுப் பார்ப்போம். அதனை அச்சிட்டு ஒரு கோப்பிலும் வைப்போம். அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கும் கணிப்பொறிக்கும் காவல் முறை ஒன்றே.