எங்கள் அத்தை வீட்டுக் குதிரை லாயத்தில் ஒரு வருஷம்

போன மாத இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி பசுவைப் பற்றி எழுதியிருந்தான். அதைப் படித்த அறிவியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அத்தை வீட்டுல குதிரை இருக்குன்னு சொன்னியே, அதை எழுது. ஆனா கதை விடாம பாடம் மாதிரி எழுதணும்" என்றார்கள். எழுதியிருக்கிறேன். நடுவில் கொஞ்சம் கதையும் வந்துவிட்டது. டீச்சர் மன்னிக்கவும்.

அத்தை வீடு கொடைக்கானலில் இருக்கிறது. அங்கே உள்ள ஏரி தானாக உண்டானது இல்லை. 1863-ஆம் ஆண்டு, மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் உண்டாக்கியது. ஏரியைச் சுற்றி சுமார் 5 கி.மீ. சாலை. சுற்றுலா வருகிறவர்கள் அதில் குதிரைச் சவாரி போவார்கள். எங்கள் மாமா குடும்பம் அந்தச் சவாரியில்தான் பிழைக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட லாயம். ராஜா, மின்னல், செவலை, வெள்ளையம்மா என்று நான்கு குதிரைகள். வேலைக்கு ஆள் கிடையாது. மாமா, அத்தை, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மதினி, மாமாவின் அப்பாவான தாத்தா, இவ்வளவு பேர்தான்.

நமக்கு வருஷம் ஜூனில் தொடங்குகிறது. அவர்களுக்கு ஜூலையில் தொடங்குகிறது. ஏப்ரல், மே சீசன் முடிந்து கூட்டம் இறங்கிவிடும். அப்போதுதான் மற்ற வேலைகளைப் பார்க்க நேரம் கிடைக்கும். போன வருஷம் ஜூலை 10-ஆம் தேதி வெள்ளையம்மாவை ஆண்குதிரையோடு சேர்த்தார்கள். அன்றைக்கே தாத்தா லாயத்துக் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். தினமும் ஒரு கோடு. பசு ஒன்பது மாதத்தில் கன்று போடும். குதிரைக்குக் கிட்டத்தட்ட 11 மாதம், அதாவது 340 நாள் அளவில் ஆகும். சில குதிரை முன்னே போடும், சில பின்னே போடும்.

வெள்ளையம்மா அந்தியூரில் வாங்கியது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் எல்லாம் வரும். இந்த இரண்டு ஜாதிக்கும் காது உள்பக்கம் வளைந்து நுனியும் நுனியும் தொடுவது போல இருக்கும். வெள்ளையம்மாவுக்குப் பாதிதான் வளைந்திருக்கிறது. கலப்பு என்று மாமா சொல்வார். தரகர் ஆறு வயது என்று விற்கப் பார்த்தாராம். தாத்தா வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "எட்டு முடிஞ்சிருச்சுய்யா" என்றாராம். குதிரையின் கீழ்வரிசை முன்பல்லில் சின்னப் பள்ளம் இருக்கும். நடு ஜோடிப் பல்லில் ஆறு வயதில் அது தேய்ந்துவிடும், அடுத்த ஜோடியில் ஏழு வயதில், ஓரத்து ஜோடியில் எட்டு வயதில். தரகர் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்தாராம்.

இப்போது தீனிக் கணக்கு. குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவுக்குக் காய்ந்த தீனி தின்ன வேண்டும். 300 கிலோ குதிரை என்றால் 6 கிலோ. நான்கு குதிரைக்கு 24 கிலோ. தண்ணீர் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். மழைக்காலத்தில் சவாரியே இல்லாத நாள்கூட உண்டு. ஆனால் குதிரை சாப்பாட்டுக்கு லீவு போடாது. அதனால் மே மாதம் கையில் காசு இருக்கும்போதே வைக்கோலும் சோளத்தட்டும் வத்தலக்குண்டு பக்கமிருந்து லாரியில் ஏற்றி வந்துவிடுவார்கள். அத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் 2020 நோட்டு மட்டும் தனியாக இருக்கிறது. அந்த வருஷம் மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. சரியாகச் சீசன் தொடங்கும் நேரம். வரவுப் பக்கம் முழுக்க வெள்ளைத் தாள். செலவுப் பக்கத்தில் மட்டும் எழுத்து. அப்போது ஆறு குதிரை இருந்தது. இரண்டை விற்றதால்தான் மீதி நான்கும் பிழைத்தன என்று அத்தை சொல்வார்கள். அந்த நோட்டைக் கேட்டால் தருவார்கள், ஆனால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

காலாண்டு லீவுக்கு நான் போனபோது ஒரே மழை, மூடுபனி. அந்த நேரத்தில் குளம்புதான் பெரிய வேலை. குளம்பு நம்ம நகம் மாதிரி, மாதத்துக்குக் கிட்டத்தட்ட 1 செ.மீ. வளரும். ஆறு, ஏழு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவிவிட்டு மறுபடி அடிப்பார். ஆணி அடிக்கும்போது வலிக்காதா என்று கேட்டேன். "ஒனக்கு நகம் வெட்டுனா வலிக்குமா?" என்றார். ஓரத்துக் கெட்டிப் பாகத்தில் மட்டும் அடிக்க வேண்டும், உள்ளே போனால் நொண்டிவிடும். குளம்பின் அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு பாகம் இருக்கிறது. லாயம் ஈரமாகக் கிடந்தால் அது அழுகிக் கறுத்து நாறும். அதனால் மதினி பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் பதினாறு குளம்பையும் கொக்கியால் தோண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் சடை பின்னுவாள். நான் மூன்றாவது நாளே களைத்துவிட்டேன்.

இனி நான் செய்த தப்பு. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அரையாண்டு லீவில் போனபோது நல்ல உறைபனி. காலையில் புல் மேல் உப்புத் தூவியது போல இருக்கும். ராஜாவுக்கு வயதாகிவிட்டது, விலா எலும்பு தெரியும். குளிரில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. காலை அரைப் படி, மாலை அரைப் படி கொள்ளை அவித்து ஆறவைத்துப் போடுவார்கள். இது போதாது என்று நானாக நினைத்துக்கொண்டு, ராத்திரி எல்லோரும் சாப்பிடும்போது மூட்டையிலிருந்து இரண்டு படி கொள்ளைப் பச்சையாகவே அள்ளி ராஜா முன்னால் வைத்துவிட்டேன். அது அவ்வளவும் தின்றது.

பதினொரு மணிக்குத் தடதடவென்று சத்தம். ராஜா தரையைக் காலால் பறிக்கிறது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது, அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றுகிறது. படுத்து உருளப் பார்த்தது. தாத்தா அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார். குதிரை வயிற்றில் எப்போதும் குடுகுடு என்று சத்தம் கேட்க வேண்டும். "ஒண்ணுமே கேக்கலப்பா" என்றார். மாமா தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி எண்ணினார். குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். ராஜாவுக்கு 64.

இங்கே பாடம் வருகிறது. பசு பெரிய பிராணி, குதிரையும் பெரிய பிராணி. ஆனால் வயிறு வேறு. பசுவுக்கு நான்கு அறை இரைப்பை, அசைபோடும். பெரிய பசுவின் முதல் அறையே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் 8 முதல் 15 லிட்டர் வரைதான். அசைபோடாது. நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் அதற்குப் பெருங்குடல் பக்கம்தான் இருக்கின்றன. முக்கியமானது, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாய் அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். காய்ந்த பயறு உள்ளே ஊறி உப்பினால், வாயு சேர்ந்தால், வெளியே வர வழி இல்லை. இரைப்பை கிழிந்துகூடப் போகலாம். இதைத்தான் வயிற்றுச் சூலை என்கிறார்கள்.

கால்நடை மருத்துவர் மூடுபனியில் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். மூக்கு வழியாக நீளமான குழாயை இரைப்பை வரை விட்டார். வாயு புஸ்ஸென்று வந்தது. எண்ணெய் போல ஒரு மருந்தை அதே குழாயில் ஊற்றினார், வலிக்கு ஊசி போட்டார். "புதுசா ஏதாவது தின்னுச்சா?" என்று கேட்டார். மாமா இல்லை என்றார். அத்தை இல்லை என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம் சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விடிய விடிய மாமாவும் மதினியும் மாறி மாறி ராஜாவை மெதுவாக நடக்க வைத்தார்கள், உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயம். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். ஐந்து மணிக்கு ராஜா லத்தி போட்டது. (மாட்டுக்குச் சாணம், குதிரைக்கு லத்தி.) லத்தியைப் பார்த்து ஒரு குடும்பமே அழுததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை நான் போகவில்லை, போனில் கேட்டதுதான். மார்ச்சில் வெள்ளையம்மாவுக்கு எட்டு மாதம். சவாரிக்கு விடக்கூடாது என்றார்கள் அத்தை. சீசனில் நாலில் ஒன்று நின்றால் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு போகுமே, ஏப்ரல் மட்டுமாவது சின்னப் பிள்ளைகளை ஏற்றலாம் என்றார் மாமா. இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த 2020 நோட்டை எடுத்து மாமா முன்னால் வைத்தார்களாம் அத்தை. வெள்ளையம்மா லாயத்தில் நின்றது.

முழு ஆண்டு லீவுக்குப் போனேன். மலர்க் கண்காட்சி நேரத்தில் கூட்டம் சொல்லி முடியாது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. 300 கிலோவுக்கு 60 கிலோ, அதில் சேணமும் சேர்த்தி. (மாமா அதை ஜீனி என்பார்.) ஒரு நாள் நல்ல பருமனான ஒருவர் இரட்டைக் காசு தருகிறேன் என்று மின்னல் மேல் ஏறப் பார்த்தார். மாமா கும்பிட்டு வேண்டாம் என்றார். அவர் கோபமாகப் பேசிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்களுக்கு மொத்தமே ஏழு சவாரிதான்.

நான் ஜூன் 1-ஆம் தேதி ஊருக்குக் கிளம்ப வேண்டும். கணக்குப்படி குட்டி ஜூன் நடுவில்தான். பார்க்க முடியாது என்று அழுகை வந்தது. மே 30 அன்று மதினி என்னைக் கூட்டிப்போய் காம்பைக் காட்டினாள். நுனியில் மெழுகு சொட்டி உறைந்தது போல இருந்தது. "ஒரு நாள், ரெண்டு நாள்தான்" என்றாள். குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும். நாங்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தோம்.

மே 31, விடிவதற்கு முன்னால். முதலில் இரண்டு முன்னங்கால், அதன்மேல் மூக்கு. குளம்பு நுனியில் வெள்ளையாக, மெதுவாக, விரல் விரலாக ஏதோ தொங்கியது. நான் பயந்துவிட்டேன். தாயின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் இருக்க இயற்கை போட்ட உறை அது, நடக்க ஆரம்பித்ததும் தேய்ந்துவிடும் என்றார் தாத்தா. குட்டி ஒரு மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். சீம்பாலை நாம் காய்ச்சிச் சர்க்கரை போட்டுத் தின்கிறோம். குதிரைக் குட்டிக்கு அதுதான் உயிர். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி அதற்கு வயிற்றில் இருக்கும்போது வராது, சீம்பாலில்தான் வரும்.

நாலு தடவை விழுந்தது. ஐம்பதாவது நிமிஷம் நின்றது. பெண்குட்டி, நெற்றியில் பொட்டு மாதிரி வெள்ளை. கதவில் தாத்தா 326-ஆவது கோட்டைப் போட்டார்.

வெள்ளையம்மாவுக்கு வெந்நீரில் தவிடு கரைக்க வேண்டும். மாமா படியை என் கையில் கொடுத்து, "ஒரு படி, தலை தட்டிப் போடு பாப்பா" என்றார். தலை தட்டிப் போட்டேன்.