ரயில் கிளம்பியதும் பதினைந்து கேள்வி

செங்கோட்டை–திருநெல்வேலி ரயிலில் தினமும் போய்வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஒரே டிகிரி வாங்கிய இருவர் அம்பாசமுத்திரத்தில் ஏறுகிறார்கள். உட்கார்ந்ததும் ஒருவர் ரீல்ஸைத் திறக்கிறார். மற்றவர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பழைய வினாத்தாளை எடுக்கிறார். ஆறு மாதம் போனால் இரண்டு பேரின் கையும் யோசிக்காமலே அவரவர் பழகியதைச் செய்யும். நீங்கள் தேடும் வேலைக்குப் போட்டி அந்த இரண்டாவது ஆள்தான். அவரைப் போல நல்ல பழக்கம் பிடிக்க ஐந்து விஷயம்:

1. நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். ‘தினமும் படிப்பேன்’ என்றால் படிக்க மாட்டீர்கள். ‘அம்பாசமுத்திரத்தில் ரயில் கிளம்பியதும் 15 கேள்வி, சேரன்மகாதேவி வருவதற்குள் முடிப்பேன்’ என்று வையுங்கள்.

2. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிற மோட்டிவேஷன் வீடியோக்களை நம்ப வேண்டாம். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் ஆய்வை அச்சிட்டது. ஒரு செயல் தானாக வர சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். 48 நாள் விரதம் இருக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய கணக்கா? இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய பாதிப்பும் இல்லை. ஆனித் தேரோட்டத்தன்று விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள்.

3. தப்பாகப் பழகாதீர்கள். நான் அதிகம் வருத்தப்படுவது இதில்தான். பத்தமடையில் பட்டுப்பாய்க்குக் கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு மெல்லிசாகக் கிழிப்பார்கள். அவசரத்தில் தடிமனாகக் கிழித்துப் பழகிய கைக்கு அப்புறம் மெல்லிசு வராது. இன்டர்வியூவில் சொல்லும் செல்ஃப் இன்ட்ரோவும் அப்படியே. பிழையோடு ஐம்பது தடவை சொன்னால் பிழைதான் நாக்கில் உட்காரும். முதலில் போனில் ரெக்கார்டு செய்து, தெரிந்தவரிடம் கேட்கக் கொடுத்துத் திருத்துங்கள். மனப்பாடம் அதற்குப் பிறகு.

4. குரூப் 4-ல் 200 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி, ஷேடிங்கும் அதற்குள். அந்த வேகமும் பழக்கத்தில்தான் வரும். ஞாயிறு தவறாமல், தேர்வு தொடங்கும் அதே காலை 9.30-க்கு மாக் டெஸ்ட் எழுதுங்கள்.

5. வேலை கிடைத்த பிறகும் இதே கதை. பத்து நிமிஷ லேட் ஒரு தடவை என்றால் மேனேஜர் மறந்துவிடுவார். வாரம் இரண்டு தடவை என்றால் அப்ரைசலில் அதுதான் உங்கள் பெயர்.

நாளைக் காலை போன் பையின் அடியில் போகட்டும். வினாத்தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.