பழைய லாரியின் முன்கண்ணாடி

எங்கள் மண்டியின் பழைய லாரிக்கு முன்கண்ணாடி ஓரமெல்லாம் பால்போல் வெளுத்திருந்தது. "எதிர்வண்டி வெளிச்சத்திலே ரோடே தெரியலே முதலாளி" என்று டிரைவர் சொல்லியும் தள்ளிப்போட்டோம். ஓர் இரவு வண்டி மைல்கல்லில் உரசிய பிறகே விழித்தோம்.

நாங்கள் கற்றது இது. லேமினேட்டட் கண்ணாடி என்பது இரு கண்ணாடிகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. ஓரத்தில் ஈரம் ஏறினால் ஒட்டு விட்டு வெளுக்கும். துடைத்தால் போகாது, மாற்றியே ஆகவேண்டும்.

தட்டைக் கண்ணாடியானால் பழையதை அளவாக வைத்து லேமினேட்டட் ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம். டஃபன்டு கண்ணாடியை வெட்டினால் நொறுங்கிவிடும். மலிவென்று வீட்டு ஜன்னல் கண்ணாடி போடாதீர்கள். உடைந்தால் கத்தியாகப் பாயும். ரப்பரையும் புதிதாக மாற்றுங்கள். இல்லையேல் மழைநீர் இறங்கித் தகரம் துருப்பிடிக்கும்.

முன்கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விடவேண்டும் என்பது விதி. டிரைவர் குறை சொன்னால் அன்றே கேளுங்கள்.