நீர் நடுவே ஜினாலயம்

தென்கன்னட யாத்திரை செல்லும் நம் குடும்பத்தார் பலர் மூடபித்ரி, கார்க்களா, தர்மஸ்தலம் என்று விரைகின்றனர், வரங்கத்தை விட்டுவிடுகின்றனர். படகுக்குக் காத்திருக்க நேரமில்லை என்பர். அவ்வேரிக்கு அரைநாளேனும் ஒதுக்க வேண்டும் என்பது எம் கருத்து.

கார்க்களாவில் 1432-இல் வீரபாண்டிய பைரவரசர் நிறுவிய பாகுபலி சுவாமி ஏறத்தாழ 42 அடி உயரமுடையவர். 1586-இல் எழுந்த சதுர்முக பசதியில் அரநாதர், மல்லிநாதர், முனிசுவிரதநாதர் மூவரும் நாற்புறமும் நின்ற கோலத்தில் காட்சி தருகின்றனர். இவ்விரண்டையும் எவரும் தவறவிடுவதில்லை. அவ்வூரிலேயே 'ஆனெகெரெ' எனும் யானை ஏரியின் நடுவிலும் ஒரு பசதி உண்டு.

அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரலில் அமைந்தது வரங்கம். 'கெரெ' என்றால் கன்னடத்தில் ஏரி. கெரெ பசதிக்குப் படகில்தான் செல்ல வேண்டும். உள்ளே நான்கு திசை நோக்கி அனந்தநாதர், சாந்திநாதர், நேமிநாதர், பார்சுவநாதர். மானும் சங்கும் பாம்பும் எவர்தம் இலாஞ்சனங்கள் என்று சிறுவரைப் படகிலேயே கேளுங்கள், கரை தெரியாது.

நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும், நீரில் வாழும் நுண்ணுயிர்களும் வேறு வேறு என்று நம் ஆகமம் பிரித்துரைக்கும். பின்னவற்றைக் காக்கவே இருமடித் துணியில் நீரை வடிகட்டுகிறோம். வடித்த நீருக்கு ஒரு முகூர்த்தமே, அதாவது 48 நிமிடமே, எல்லை. பின் மீண்டும் வடிக்க வேண்டும். இதனைப் பலர் அறிவர். துணியில் தங்கிய உயிர்களை, எடுத்த நீர்நிலையிலேயே அலசிச் சேர்க்க வேண்டும் என்ற பிற்பாதியே மறக்கப்படுகிறது. நம் பாட்டிமார் கிணற்றடியில் நின்றே வடிகட்டியது அதற்காகத்தான். குழாய் வந்தபின் கிணற்றடியும் போயிற்று.

இதனைப் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்த நாமே வரங்கத்தில் பிழை செய்தோம். காலையில் கார்க்களா விடுதிக் கிணற்று நீரை வடித்த துணியை அவசரத்தில் பையில் திணித்து வந்திருந்தோம். படகில் அமர்ந்து அதனை ஏரியில் அலசக் கை நீட்டியபோது, உடன்வந்த பத்து வயதுச் சிறுமி தடுத்தாள்.

"பாட்டி, அவை அந்தக் கிணற்று உயிர்கள் அல்லவா? இது வேறு தண்ணீராயிற்றே!"

துணி அதற்குள் பாதி உலர்ந்திருந்தது. மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. படகு பசதியை அடையும்வரை அதனை மடியிலேயே வைத்திருந்தோம்.