எழுத்து நாளாகும்போது

03/04/2025 என எழுதப்பட்ட நாள் எது? இந்தியர் ஏப்ரல் 3 என்பர். அமெரிக்கர் மார்ச் 4 என்பர். கணினிக்கோ அது வெறும் எழுத்துச்சரம். அதனைப் பகுத்து நாளாக மாற்றும் செயற்கூறு ஒன்று, பைத்தான் மொழியின் செந்தர நூலகத்தில் ‘டேட்டைம்’ என்னும் கூற்றினுள் உள்ளது. அஃது இரண்டு சரங்களைக் கேட்கும். ஒன்று நாள், மற்றொன்று அதன் வடிவம். வடிவத்தில் விழுக்காட்டுக் குறியை அடுத்து வரும் சிறிய ‘டி’ நாளையும், சிறிய ‘எம்’ மாதத்தையும் உணர்த்தும். (பெரிய ‘எம்’ நிமிடத்தைக் குறிக்கும்; கற்போர் எளிதில் இடறும் இடம் இது.) பிப்ரவரி 30 என்று கொடுத்தால், பிழையென அறிவித்துச் செயற்கூறு நின்றுவிடும். அதனால் தீங்கில்லை.

ஈரிலக்க ஆண்டைக் குறிக்கும் சிறிய ‘ஒய்’ அத்தகையதன்று. 69 முதல் 99 வரையுள்ள எண்களை 1969 முதல் 1999 வரையிலும், 00 முதல் 68 வரையுள்ளவற்றை 2000 முதல் 2068 வரையிலும் அது வைத்துக்கொள்ளும். தம் பிறந்தநாளை 15/08/47 என எழுதித்தந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்க. கணினி அவர் பிறப்பை 2047ஆம் ஆண்டில் பதிந்துகொள்ளும். பிழைச்செய்தி ஏதும் வாராது. ஓய்வூதியத்திற்கு அகவை கணக்கிடும் நிரலில் அவர் இன்னும் பிறவாதவர். 1968இல் பிறந்தவர்க்கும் இதே நிலைதான். மறு ஆண்டில் பிறந்த அவர்தம் தம்பி தப்பிவிடுவார். பெரிய ‘ஒய்’ நான்கிலக்க ஆண்டையே ஏற்கும். 47 என மட்டும் தந்தால் மறுத்துவிடும்.