இதய வால்வும் எந்திரக் கையும்

ரோபோ அறுவை என்றதும் எந்திரமே மருத்துவராகிவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். நண்பர்களே, அது ஒரு தையலைக்கூடத் தானாகப் போடாது. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாகத் தெரியும் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரல்களை அசைப்பார். அவ்வசைவையே எந்திரக் கைகள் நோயாளியின் மார்புக்குள் செய்கின்றன.

விலங்கியல் வகுப்பில் படித்த ஈரிதழ் வால்வை நினைவுகூர்வோம். இடப்புற மேலறையிலிருந்து கீழறைக்கு இரத்தத்தை விட்டு, திரும்பாமல் தடுக்கும் கதவு அது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் சிலருக்கு அதன் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். வேறு சிலருக்கு இதழ் தளர்ந்து, பிடித்திருக்கும் நாண் அறுந்து, இரத்தம் பின்னோக்கிக் கசியும்.

வழக்கமான முறையில் மார்பெலும்பை நெடுக அறுத்து விரிப்பர். இதய நுரையீரல் எந்திரத்தின் துணையால் இதயத்தை நிறுத்தி வால்வைச் சீர்செய்வர். பின் எலும்பை எஃகுக் கம்பியால் கட்டுவர். எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை பளு தூக்கலாகாது. ரோபோ முறையில் வலப்புற விலா எலும்புகளிடையே சிறு துளைகளே போதும். எலும்பு தப்பும், விரைவில் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் இதயத்தை நிறுத்துவது இதிலும் உண்டு. அதுவும் பெரும்பாலும் கூடுதல் நேரம்!

பாரிசில் 1998இல் அலென் கார்ப்பாந்தியே ரோபோ துணையால் இவ்வால்வைச் சீர்செய்தார். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டது. மகிழத்தக்கதே. எனினும் எந்திரம் இருப்பது வேறு. அதைக்கொண்டு வால்வைத் தைத்துப் பழகிய கைகள் இருப்பது வேறு.

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி சுமந்து வந்த என் அத்தைக்கு ருமாட்டிக் வால்வு நோய். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படியேறியவன் நான் என்பதால், எது நல்லது என்று என்னைக் கேட்டனர். "ரோபோ உண்டா என்பதற்குமுன், வால்வைச் சரிசெய்ய முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள், அத்தை" என்றேன். உலோக வால்வு பொருத்தினால் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும்; அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். தருமபுரிக்கும் ஊருக்கும் பேருந்தில் அலைபவர்க்கு அது சிறு சுமையன்று.

தளர்ந்த இதழுக்கு ரோபோ நன்கு பொருந்தும். சுண்ணம் படிந்து இறுகிய இதழுக்கு, மார்பைத் திறந்து நேரில் கண்டு, தொட்டுப் பார்த்துச் செய்வதே பெரும்பாலும் ஏற்றது என்பது நான் படித்தறிந்தது. அத்தைக்கோ எட்டு வாரக் கூலி போகுமே என்ற கவலை. அடுத்த வாரம் எக்கோ பரிசோதனை; இதழ்களில் சுண்ணம் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும்.